வான் ஆர்ட் மஞ்சள் ஜெர்சிக்கு ஆசைப்படலாமா?

கேள்வி இது: கூட்ட ஸ்பிரிண்டில் (மொத்தக் கூட்டமும் கோட்டை நோக்கிப் பாயும் முடிவு) ஜெயிக்கிறார், டைம் ட்ரையலில் (ஒவ்வொருவராகக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது) ஜெயிக்கிறார், மோன் வாந்து மலையை இரண்டு முறை ஏறி இறங்கும் ஸ்டேஜிலும் (பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம்) ஜெயிக்கிறார். அப்படிப்பட்ட பெல்ஜிய சைக்கிள் வீரர் வவுட் வான் ஆர்ட், மூன்று வார டூர் டி பிரான்ஸின் மொத்த வெற்றிக்கு, அதாவது மஞ்சள் ஜெர்சிக்கு, ஏன் குறிவைக்கவில்லை? வைத்திருக்க வேண்டாமா?

மூன்று வாரப் பந்தயத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரு வாரப் பந்தயம் என்றால், பாதையைப் பார்த்துப் பொறுக்கியெடுத்துத் தாராளமாகப் போகலாம். போயும் இருக்கிறார், ஜெயித்தும் இருக்கிறார். இந்தக் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் காரணம் உடல் எடை. அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அதிகம் பேர் பேசுவதில்லை: அவருடைய பெரிய மலை வெற்றிகள், மொத்த நேரத்தில் அவர் பின்தங்கியிருந்த காரணத்தாலேயே கிடைத்தவை.

2021 டூரை எடுத்துக்கொள்வோம். எட்டாவது ஸ்டேஜ் முடிந்தபோது மொத்த நேர வரிசையில் (சைக்கிள் பந்தயக்காரர்கள் ஜி.சி. என்பது இதைத்தான்) வான் ஆர்ட் இரண்டாமிடத்தில் இருந்தார். முதலிடத்தில் இருந்த ஸ்லோவேனிய வீரர் பொகாச்சாருக்கு 1 நிமிடம் 48 நொடி பின்னால். மே மாதம்தான் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மறுநாள் மழையில் டீன்யே வரை ஏறிய ஒன்பதாவது ஸ்டேஜில் அந்த இரண்டாமிடம் போயிற்று. வரிசையில் வெகு கீழே இறங்கினார். மூன்றே நாள் கழித்து, ஜூலை 7 அன்று, வாந்துவை இரண்டு முறை ஏறும் ஸ்டேஜில் பிரேக்அவேயில் (கூட்டத்தை விட்டு முன்னால் ஓடிப்போகும் சிறு குழு) கிளம்பித் தனியாக மாலொசேன் வந்து ஜெயித்தார். டீன்யேவில் அவர் உயிரைக் கொடுத்து ஏறி நாலாம் இடத்தையோ ஐந்தாம் இடத்தையோ காப்பாற்றியிருந்தால் வாந்துவில் என்ன நடந்திருக்கும்? பொகாச்சாரின் அணியும் மற்ற ஜி.சி. அணிகளும் அவர் இருக்கும் பிரேக்அவேயை பத்து கிலோமீட்டர்கூட உயிரோடு விட்டிருக்காது. கால் அதே கால்தான். வரிசையில் எண் மாறியதும் விலங்கு கழன்றது.

அதே டூரில் செயிண்ட் எமிலியோன் டைம் ட்ரையலையும் பாரிஸ் கடைசி நாள் ஸ்பிரிண்டையும் ஜெயித்தார். ஒரே டூரில் மலை, டைம் ட்ரையல், கூட்ட ஸ்பிரிண்ட் மூன்றையும் ஜெயித்தவர் 1979இல் பெர்னார் ஈனோவுக்குப் பிறகு இவர்தான். ஈனோ அதே ஆண்டு டூரையும் ஜெயித்தார் என்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

இனி எடைக் கணக்கு. வான் ஆர்ட் 1.90 மீட்டர் உயரம், எடை சுமார் 78 கிலோ. பொகாச்சார் 1.76 மீட்டர், சுமார் 66 கிலோ. ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதச் சரிவு. அதை 40 நிமிடத்தில் ஏற என்ன சக்தி வேண்டும் என்று போட்டுப் பார்க்கலாம். சைக்கிள், ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து 8.5 கிலோ வைத்துக்கொண்டால், 78 கிலோ வீரருக்குச் சுமார் 460 வாட் தேவை. 65 கிலோ வீரருக்குச் சுமார் 395 வாட். கிலோவுக்கு வாட் என்று பார்த்தால் கனமானவருக்கு 5.9, லேசானவருக்கு 6.1. இந்த இடத்தில் கனமானவருக்குச் சின்ன சலுகை உண்டு: சைக்கிளின் எடை இருவருக்கும் ஒன்றுதான், அது பெரிய உடம்புக்குச் சின்னப் பங்கு. ஆனால் 65 வாட் அதிகம் என்பதை ஒரு நாள் தரலாம். மூன்று வாரத்தில் ஏழெட்டு மலைகளில், அதுவும் நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு, திரும்பத் திரும்பத் தர வேண்டும்.

சரி, 4 கிலோ குறைத்தால்? 74 கிலோவில் அதே 40 நிமிடத்துக்குச் சுமார் 440 வாட் போதும். அல்லது அதே 460 வாட்டைத் தந்தால் உச்சிக்கு ஒன்றரை நிமிடம் முன்னால் போய்விடலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. அந்த 4 கிலோ எங்கிருந்து வரும் என்று கேட்கும்போதுதான் சிக்கல். 78 கிலோ வீரரின் உடலில் 8 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம், அது 6.2 கிலோ. நாலையும் கொழுப்பிலிருந்தே எடுத்தால் மிஞ்சுவது 2.2 கிலோ, அதாவது 3 சதவீதம். அது உயிர் தாங்குவதற்கே தேவையான கொழுப்பின் விளிம்பு. எதிர்ப்புசக்தி விழும், ஹார்மோன் விழும், எலும்பு பலம் இழக்கும். ஆகவே நடைமுறையில் ஒன்றரை, இரண்டு கிலோவாவது தசையிலிருந்துதான் போகும். எந்தத் தசை? கல் பாவிய சாலையில் கைப்பிடியை அடக்கிப் பிடிக்கும் தோளும் முதுகும், ஸ்பிரிண்டில் கடைசி 200 மீட்டரை இழுக்கும் தொடையும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் முடியாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உணவைக் குறைத்த முதல் வாரத்திலேயே தராசு ஒன்றரை கிலோ குறைத்துக் காட்டும். அது கொழுப்பு அல்ல. தசையில் சேமித்த கிளைகோஜனும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடு ஒட்டியிருக்கும் மூன்று நாலு கிராம் தண்ணீரும். டேங்கில் பெட்ரோலைக் குறைத்துவிட்டு வண்டி லேசாகிவிட்டது என்று மகிழ்வதைப் போன்றது அது.

உண்மையான கொழுப்பைக் குறைக்க நாள் வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கிலோகலோரி. நாலு கிலோவுக்கு ஏறக்குறைய 31,000. பயிற்சி கெடாமல் ஒரு நாளைக்கு 350 கிலோகலோரி மட்டும் குறைத்துச் சாப்பிட்டால் 88 நாள் ஆகும். டூர் ஜூலைத் தொடக்கத்தில். பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் தொடக்கத்தில் வந்து நிற்போம்: ஃபிளாண்டர்ஸ், அடுத்த ஞாயிறு ரூபே, இரண்டும் கல் சாலையில் நடக்கும் பெரிய ஒரு நாள் பந்தயங்கள். அவருடைய ஆண்டின் உச்சம் எதுவோ அந்த வாரத்தில் பசியோடு நிற்க வேண்டும். ரூபே முடிந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்றால் பதினோரு வாரம்தான் கையில். அதில் மூன்று வாரம் ஸ்பெயின் மலைகளான டெய்டேயிலோ சியரா நெவாடாவிலோ 2,000 மீட்டருக்கு மேல் உயர முகாம். மலையுச்சியில் உடல் புது ரத்த அணுக்களை உண்டாக்க இரும்புச்சத்தும் நிறையச் சாப்பாடும் கேட்கும். அங்கே பட்டினி போட்டால் முகாமுக்குப் போன பலனே கிடைக்காது. மீதி எட்டு வாரத்தில் குறைக்க வேண்டுமானால் தினமும் 550 கிலோகலோரி பள்ளம். ஜனவரியிலேயே தொடங்கலாம் என்றால் சைக்ளோகிராஸ் (சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் குளிர்காலப் பந்தயம்) பருவம் குறுக்கே நிற்கிறது. அவர் 2016, 2017, 2018 என மூன்று முறை உலகச் சாம்பியன் ஆன பந்தயம் அது. இந்த அட்டவணையில் எதைத் தொட்டாலும் ஒன்று விழும்.

பெரிய உடம்புக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது வெப்பம். மனித உடல் எரிக்கும் சக்தியில் கால்பங்குக்கும் குறைவுதான் மிதியில் இறங்கும். மிச்சம் எல்லாம் சூடு. 460 வாட் மிதிக்கும்போது உடல் வெளியேற்ற வேண்டிய சூடு 1,500 வாட் அளவில் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி மாதிரி. லேசான வீரருக்கு அது 1,300 வாட் அளவில். உடல் பெரிதாகும்போது எடை கூடும் வேகத்தில் தோலின் பரப்பு கூடுவதில்லை. மலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் பெரிதாக உதவாது. ஜூலை மதியம் இது தனிக் கணக்கு.

இரண்டாவது வயிறு. இப்போது நல்ல அணிகள் மணிக்கு 100 முதல் 120 கிராம் மாவுச்சத்து ஊட்டுகின்றன, ஜெல்லாகவும் பானமாகவும். அதற்கு மேல் குடல் உறிஞ்சாது. அந்த எல்லை 58 கிலோ வீரருக்கும் 78 கிலோ வீரருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செலவு மட்டும் பெரியவருக்கு அதிகம். வரவு ஒன்றே, செலவு வேறு என்றால் எந்தக் குடும்பம் மாதக் கடைசியில் முதலில் கடன் வாங்கும்? மூன்றாவது வாரத்தில் கனமான வீரர்கள் ஏன் திடீரென்று சரிகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மலையில் இழந்ததை டைம் ட்ரையலில் எடுத்துக்கொள்ளலாமே, அவர்தான் அதில் மன்னன் ஆயிற்றே" என்பது அடுத்த வாதம். ஒரு காலத்தில் சரியான வாதம்தான். 2012இல் பிராட்லி விக்கின்ஸ் டூர் ஜெயித்தபோது தொடக்க நாள் 6.4, பிறகு 41.5, 53.5 என மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல் டைம் ட்ரையல். மூன்றாமிடம் வந்த நிபாலி 6 நிமிடம் 19 நொடி பின்தங்கினார். அதில் பெரும்பகுதியை அவர் இழந்தது கடிகாரத்துக்கு எதிரான அந்த நாட்களில்தான். இப்போது நிலைமை வேறு. 2022 டூரில் 54 கிலோமீட்டர், 2023இல் வெறும் 22.4, 2024இல் 59. கிலோமீட்டர் குறைந்தது ஒரு பக்கம். மலை வீரர்களே டைம் ட்ரையலில் தேறிவிட்டது இன்னொரு பக்கம். 2021இல் செயிண்ட் எமிலியோன் 30.8 கிலோமீட்டரில் வான் ஆர்ட் ஜெயித்தபோது அவருடைய அணியின் மலை வீரர் விங்கேகார்டு 32 நொடிதான் பின்னால். 2022இல் ரொக்கமடூர் வரை 40.7 கிலோமீட்டர்; ஜெயித்தது வான் ஆர்ட், விங்கேகார்டு 19 நொடி பின்னால். ஒரு முழு நீள டைம் ட்ரையலை ஜெயித்தும் கிடைக்கும் லாபம் 19 நொடி! அதை ஒரு மலையின் கடைசி ஒரு கிலோமீட்டரில் இழந்துவிடலாம்.

அடுத்த ஆண்டு கொம்ப்ளூ போன டைம் ட்ரையல் மேடு நிறைந்தது. அங்கே வான் ஆர்ட் மூன்றாமிடம். விங்கேகார்டுக்கு 2 நிமிடம் 51 நொடி பின்னால், நடுவில் பொகாச்சார். உலகில் மற்ற எல்லோரையும் தோற்கடித்தும் 22.4 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் போயிற்று. இந்த ஒரு முடிவைப் பார்த்த பிறகும் அவரை டூர் ஜி.சி.க்கு அனுப்பச் சொல்பவர்களை எனக்குப் புரிவதில்லை.

ஓட்டாகாம் மலையைச் சொல்வார்கள். 2022 டூர், 18ஆவது ஸ்டேஜ். வான் ஆர்ட் காலையிலிருந்து பிரேக்அவேயில் இருந்தார். கடைசி ஏற்றத்தில் விங்கேகார்டும் பொகாச்சாரும் வந்து சேர்ந்ததும் முன்னால் நின்று அவர் இழுத்த இழுப்பில் பொகாச்சார் அறுந்தார். பச்சை ஜெர்சி (ஸ்டேஜ் புள்ளிகளில் முதலிடம்) போட்ட ஒருவர் மலையில் பொகாச்சாரைக் கழற்றிவிட்ட காட்சி அது. "இவரால் ஏற முடியாது என்று யார் சொன்னது?" என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். ஏற முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறக்கூடிய நாளை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதே விஷயம். அதற்கு முந்திய நாட்களில், தன் வேலை முடிந்ததும் அவர் மலையடிவாரத்திலோ நடுவிலோ காலைத் தளர்த்திவிட்டு, நேர வரம்புக்குள் வந்தால் போதும் என்று பின்கூட்டத்தோடு வந்து சேர முடிந்தது. முன்னால் இருப்பவர்கள் கிலோவுக்கு 6 வாட் தந்து ஓடிக்கொண்டிருக்க, பின்கூட்டம் அதில் அறுபது எழுபது சதவீதத்தில் ஊர்ந்து வரும். அப்படி மிச்சம் பிடித்த சக்திதான் ஓட்டாகாமில் செலவானது. ஜி.சி. வீரருக்கு அந்தச் சலுகை ஒரு நாளும் இல்லை. 21 நாளும் ஓட்ட வேண்டும், 21 நாளும் முதல் இருபது பேருக்குள் நிற்க வேண்டும். கூட்டம் காற்றில் உடைந்தால் முன்துண்டில் இருக்க வேண்டும். மலை இல்லாத நாளில்கூட மூளைக்கு ஓய்வில்லை.

பச்சை ஜெர்சிக் கணக்கும் அங்கேயே இருக்கிறது. அந்த 2022 டூரில் வான் ஆர்ட் 480 புள்ளி எடுத்துச் சாதனை படைத்தார். முதல் மூன்று நாள் தொடர்ந்து இரண்டாமிடம், மஞ்சள் ஜெர்சி, நாலாவது நாள் மஞ்சளிலேயே கலே நகரில் தனியாக வந்து வெற்றி, பிறகு லோசான் ஸ்பிரிண்ட், ரொக்கமடூர். அவருடைய அணியின் விங்கேகார்டு டூரை ஜெயித்தார். இரண்டு ஜெர்சியையும் ஓர் அணி கொண்டுபோனது எப்படி என்றால், ஒருவர் நேரம் இழக்கத் தயாராக இருந்தார் என்பதால். இவரும் ஜி.சி. என்று உட்கார்ந்திருந்தால் எட்டு பேர் கொண்ட அணியில் யார் யாருக்கு உழைப்பது? ஒரு ஜி.சி. தலைவருக்கு மலையில் மூன்று நாலு பேர், சமவெளியில் காற்றை மறைக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். ஸ்பிரிண்டுக்கு ஆள் ஒதுக்க இடம் இருக்காது.

2025 ஜிரோவின் (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்) 20ஆவது ஸ்டேஜ் இதற்கு இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு. ஃபினெஸ்ட்ரே ஏற்றம் 18.5 கிலோமீட்டர், சராசரி 9 சதவீதத்துக்கு மேல், மேல்பாதியில் எட்டு கிலோமீட்டர் மண் சாலை, உச்சி 2,178 மீட்டர். வான் ஆர்ட் காலையிலேயே பிரேக்அவேயில் போய், ஃபினெஸ்ட்ரேயைத் தன் வேகத்தில் ஏறி, உச்சிக்கு அப்பால் காத்திருந்தார். மொத்த நேரத்தில் 1 நிமிடம் 21 நொடி பின்தங்கியிருந்த அவருடைய அணியின் சைமன் யேட்ஸ் மலையில் தனியாகப் பிரிந்து வந்ததும், செஸ்திரியேர் போகும் பள்ளத்தாக்கில் அவரைத் தன் பின்னால் ஒட்ட வைத்து இழுத்தார். காற்று முகத்தில் அறையும் அந்தச் சமவெளித் துண்டில் 60 கிலோ யேட்ஸுக்கு 78 கிலோ வான் ஆர்ட்டை விடப் பெரிய சொத்து உலகில் இல்லை. பின்னால், வரிசையில் முதலிரண்டு இடத்தில் இருந்த டெல் டோரோவும் கராபாசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யேட்ஸ் ஜிரோவை 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மொத்த நேரத்தில் பின்தங்கியவருக்கு மட்டுமே காலை பிரேக்அவேயில் இடம் கிடைக்கும். அந்த இடம் இல்லாமல் இந்தத் திட்டமே இல்லை.

ஜி.சி. பக்கம் தாவி வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். விக்கின்ஸும் 1.90 மீட்டர்தான். டிராக்கில் பர்ஸ்யூட் ஓடியவர். 2008க்கும் 2012க்கும் இடையில் கிட்டத்தட்ட 10 கிலோ குறைத்தார். அவருக்கு ஸ்பிரிண்ட் வெற்றிகள் ஏதும் இல்லை, இழக்கவும் ஏதும் இல்லை. நாலு நிமிடப் பர்ஸ்யூட் என்பது அடிப்படையில் நீடித்த சக்தி. அதை நாற்பது நிமிடத்துக்கு நீட்டினார். ஜெரைன்ட் தாமஸ் 2008, 2012 ஒலிம்பிக் அணிப் பர்ஸ்யூட் தங்கம், 2015இல் E3 வெற்றி என்று கல் சாலையிலும் பெயர் வாங்கியவர். டூரை 2018இல் ஜெயித்தபோது வயது 32. நடுவில் அணித் தலைவர் ஃப்ரூமுக்கு உழைத்த ஆண்டுகள், கைவிட்ட வசந்தகாலப் பந்தயங்கள். டாம் டுமுலான் 2015 வுவெல்டாவில் (ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயம்) முதலிடத்தோடு 20ஆவது ஸ்டேஜுக்குள் போய் ஆறாமிடத்தோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு தன்னை முழுசாக மாற்றிக்கொண்டு 2017 ஜிரோவை வென்றார். இந்த மூவரும் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தவர்கள். இரண்டு கடையையும் ஒரே நேரத்தில் நடத்தவில்லை.

இரண்டையும் நடத்தியவர் என்றால் ஷான் கெல்லி. நாலு முறை டூர் பச்சை ஜெர்சி, ஒரு வாரப் பந்தயமான பாரிஸ்–நீஸ் தொடர்ந்து ஏழு முறை (1982 முதல் 1988 வரை), பிறகு 1988 வுவெல்டா. அதற்கு முந்திய ஆண்டு வுவெல்டாவில் முன்னிலையில் இருக்கும்போதே, முடிய மூன்று நாள் இருக்கையில், இருக்கைப் புண்ணால் விலகினார். மூன்று வாரத் தலைமை எப்படிப்பட்ட அற்பக் காரணத்தால் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. டூரிலோ அவருடைய மிகச் சிறந்த இடம் நாலாவதுதான்.

2019இல் ஜூலியன் ஆலாஃபிலிப் செய்தது வேறு மாதிரி. திட்டமே இல்லாமல் 14 நாள் மஞ்சளில் இருந்தார், போ நகர டைம் ட்ரையலில் தாமஸையே 14 நொடி வித்தியாசத்தில் தோற்கடித்தார், டூர்மலே உச்சியில் இரண்டாவதாக வந்தார். பிரான்ஸே தூக்கத்தைத் தொலைத்தது. ஆல்ப்ஸ் வந்ததும் ஐந்தாமிடம். மறு ஆண்டு அவர் ஜி.சி. பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை; உலகச் சாம்பியன் ஆனார். அது சரியான முடிவு. வான் ஆர்ட்டின் பழைய போட்டியாளர் வான் டெர் பூலும் 2021 டூரில் ஆறு நாள் மஞ்சளை அனுபவித்துவிட்டு, மலை வந்ததும் இறங்கிப் போய்விட்டார். 2025 வரையில் எட்டு மானுமெண்ட் வெற்றிகள் (ஆண்டின் ஐந்து பெரிய ஒரு நாள் பந்தயங்களைத்தான் மானுமெண்ட் என்பார்கள்). அவரிடம் போய் யாரும் ஜி.சி. பற்றிக் கேட்பதில்லை, வான் ஆர்ட்டிடம் மட்டும் கேட்கிறார்கள், ஏனென்றால் அவர் நன்றாக ஏறிவிட்டார்!

பொகாச்சார் ஃபிளாண்டர்ஸையும் டூரையும் ஜெயிக்கிறாரே என்றால், அவர் மலை வீரராகப் பிறந்து கல் சாலைக்கு இறங்கி வந்தவர். கீழே இறங்குவது எளிது. 66 கிலோவிலும் நல்ல சக்தி இருந்தால் பாட்டர்பெர்க் மாதிரிக் குட்டை மேடுகளில் எடை குறைவு தொல்லையே இல்லை. டாம் பிட்காக்கும் அப்படித்தான்: மலை சைக்கிளில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், 2022இல் ஆல்ப் துவேஸ் ஸ்டேஜ், 2025 வுவெல்டாவில் மூன்றாமிடம். எடை 58 கிலோ. அவர் ஜி.சி. முயல்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. "பல்துறை வீரர்" என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் குழப்பம். தராசில் ஏற்றிப் பார்த்தால் இரண்டு தனி இனம்.

பணக் கணக்கும் ஒரு வரி. டூர் வென்றால் 5,00,000 யூரோ, ஸ்டேஜ் ஒன்றுக்கு 11,000, பச்சை ஜெர்சிக்கு 25,000. வழக்கப்படி அணிக்குள் பங்கு பிரிந்துவிடும். உலகத் தரவரிசைப் புள்ளியில் டூர் வெற்றி 1,300, ஒரு மானுமெண்ட் 800, ஒரு டூர் ஸ்டேஜ் 210. ஆறாமிடத்துக்காக மூன்று வாரம் உயிரை விடுவதைவிட ஒரு மானுமெண்டும் இரண்டு ஸ்டேஜும் அணிக்கு லாபம். ஜி.சி.யில் முதல் மூன்றுக்கு வெளியே வந்தவரை அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது ஒரு வாரப் பந்தயம். இங்கே மேலே சொன்ன தொல்லைகளில் பாதி இல்லை. எடையைக் குறைக்கத் தேவையில்லை, மூன்றாம் வாரம் என்ற ஒன்றே இல்லை, ஸ்பிரிண்ட் கால் நேரடியாக நேரமாக மாறும்: முதல் மூவருக்கு 10, 6, 4 நொடி போனஸ். 2021 டிரெனோ–அட்ரியாட்டிகோவில் வான் ஆர்ட் முதல் நாள் கூட்ட ஸ்பிரிண்டை ஜெயித்தார், கடைசி நாள் டைம் ட்ரையலையும் ஜெயித்தார், மொத்தத்தில் பொகாச்சாருக்கு 1 நிமிடம் 3 நொடி பின்னால் இரண்டாமிடம். மூன்றாவது வந்த மிகேல் லாந்தா நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில். அதாவது உண்மையான மலை வீரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் தாண்டினார். அதனால் வசந்தகாலப் பந்தயங்கள் கெட்டனவா? அடுத்த சனிக்கிழமை மிலான்–சான் ரெமோ மூன்றாமிடம், மறு வாரம் கெண்ட்–வெவெல்கெம் வெற்றி, ஏப்ரலில் ஆம்ஸ்டெல் வெற்றி. அதே செப்டம்பரில் டூர் ஆஃப் பிரிட்டன்: எட்டு ஸ்டேஜில் நாலு வெற்றி, மொத்தத்தில் ஈதன் ஹேட்டரை 6 நொடியில் முந்தினார். 2023இல் மறுபடியும் அதே பந்தயத்தின் மொத்த வெற்றி.

எந்த வாரப் பந்தயம் பொருந்தும் என்பதைப் பாதையைப் பார்த்தே சொல்லிவிடலாம். உச்சியில் முடியும் ஸ்டேஜ் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவும் 15 கிலோமீட்டர், 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டிரெனோவின் பிராத்தி டி டீவோ ஏறக்குறைய அந்த அளவுதான், அங்கே அவர் தாக்குப்பிடித்தார். டைம் ட்ரையல் தட்டையாக 10 முதல் 25 கிலோமீட்டர். குறைந்தது மூன்று ஸ்டேஜ்கள் இரண்டு கிலோமீட்டர் மேடுகளோடு, தூய ஸ்பிரிண்டர்கள் கழன்று நாற்பது ஐம்பது பேர் மிஞ்சும்படி. அந்த மூன்றில் ஒரு வெற்றி, ஒரு இரண்டாமிடம், ஒரு மூன்றாமிடம் வந்தாலே 20 நொடி கைக்கு வந்துவிடும். டைம் ட்ரையலில் 15 முதல் 30 நொடி. ஆக உச்சியில் 40, 45 நொடி இழந்தாலும் சமாளிக்கலாம். கட்டலோனியா பந்தயம் வேண்டவே வேண்டாம், பிரனீஸ் உச்சிகளில் தொடர்ந்து முடியும். பாஸ்க் நாட்டுப் பந்தயத்தின் சுவர் மாதிரி ஏற்றங்களும் இவருக்கு ஆகாது.

அந்த ஒற்றை மலை நாளில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். அடிவாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் பொகாச்சார் மாதிரி ஒருவர் பாய்வார். கூடவே போகத் தோன்றும். 78 கிலோ வீரர் அந்தப் பாய்ச்சலுக்கு 600 வாட்டுக்கு மேல் ஒரு நிமிடம் தந்துவிட்டால், அடுத்த இருபத்தைந்து நிமிடத்துக்கு 400க்குக் கீழே விழுந்துவிடுவார். 45 நொடி இழக்க வேண்டிய இடத்தில் இரண்டரை நிமிடம் போகும். அடிவாரத்துக்குள் நுழையும்போது முதல் பத்து பேரில் இருக்க வேண்டும், முதல் இரண்டு கிலோமீட்டரில் பின்னோக்கி வழுக்க இடம் விட்டுக்கொண்டு. பாய்ந்தவரைப் போக விட வேண்டும். பவர் மீட்டரில் தன் அரைமணி நேர எண்ணைப் பிடித்து, அது 440 என்றால் 440இலேயே நின்று, ஒரு உதவி வீரரின் சக்கரத்துக்குப் பின்னால் ஏற வேண்டும். 7 சதவீதத்தில் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தச் சக்கரத்தின் நிழலும் பத்துப் பதினைந்து வாட் மிச்சம் பிடித்துத் தரும். கடைசி ஒரு கிலோமீட்டரில் சரிவு குறைந்தால், மிச்சம் இருப்பதை அங்கே கொட்டலாம். சரிவு குறையும் இடத்தில் கனமான உடம்பும் பெரிய வாட்டும் மறுபடி லாபத்துக்குத் திரும்பும்.